முதல் ரேஸுக்கு முன்: இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்ட முழுமையான வழிகாட்டி

தெருவில் ஓட்டும் பைக்கையே ரேஸ் டிராக்கில் இறக்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மனசுக்குள் ஏற்கெனவே இறங்கிவிட்டவர்கள்தான். அவர்களுக்குத்தான் இந்த வழிகாட்டி. உங்களிடம் ஒரு யமஹா ஆர்15, டிவிஎஸ் அபாச்சி ஆர்ஆர் 310, கேடிஎம் ஆர்சி 390 அல்லது அந்த வகையில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். லிட்டர் கிளாஸ் சூப்பர்பைக் வைத்திருப்பவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் கற்றுக்கொள்ளச் சின்ன பைக்தான் நல்லது. ஆயிரம் சிசி பைக் நீங்கள் வளைவில் செய்த பிழையை நேர்சாலையில் மறைத்துவிடும். 150 சிசி மறைக்காது.

முதல் வருடம் முழுக்க ஒன்றுக்காகத்தான் உழைக்கப் போகிறீர்கள். பைக்கும் நீங்களும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். எதை வாங்குவது, எதைக் கழற்றுவது, எங்கே பிரேக் பிடிப்பது என்று குழப்பம் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள்: இதனால் அடுத்த சுற்றில் பைக் என்ன செய்யும் என்பது எனக்கு இன்னும் தெளிவாகத் தெரியுமா? தெரியாது என்றால் அந்தக் காசை டயருக்கு எடுத்து வையுங்கள்.

எங்கே ஓட்டுவது

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம். சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னால் இருங்காட்டுக்கோட்டை. அங்கே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமான டிராக். நீளம் 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள், கடிகாரச் சுற்றில் ஓட்ட வேண்டும். அதற்கு முன் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், பல்லாண்டு ரேஸ் நடந்தது. இன்றும் பழைய ஆட்கள் பேடாக்கில், அதாவது பைக்குகளும் ஆட்களும் காத்திருக்கும் இடத்தில், உட்கார்ந்து சோழவரக் கதை பேசினால் டீ ஆறிப்போகும். கோவைக்காரர்களுக்குச் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. எஸ். கரிவரதன் பெயரில் அமைந்த அந்த டிராக் சுமார் 2.1 கிலோமீட்டர்தான். சின்னது, நெருக்கமானது, சின்ன சிசி பைக்குகளுக்குக் கச்சிதமானது. வடக்கே போனால் கிரேட்டர் நொய்டாவில் புத் சர்வதேச டிராக். அகலமும் வேகமும் அதிகம் என்பதால் முதல் டிராக் நாளுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

ரேஸுக்கு நேராகப் பெயர் கொடுக்காதீர்கள். முதலில் டிராக் டே. அங்கே யாரும் யாரோடும் போட்டி போடுவதில்லை. அனுபவத்தை வைத்துக் குழு பிரிப்பார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் 15, 20 நிமிடம் மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். பைக் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு நடத்தும் நாள்களும் உண்டு. பணம் இருந்தால் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்வது இன்னும் நல்லது. கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் இருங்காட்டுக்கோட்டையில் பல ஆண்டு வகுப்பு நடத்தியிருக்கிறது. பெரிய எக்ஸாஸ்ட் வாங்கும் காசில் ஒரு பயிற்சி முடித்துவிடலாம். அதில் கிடைக்கும் வேகம் அடுத்த பைக்குக்கும் உங்களோடு வரும்.

காகிதமும் காப்பீடும்

டிராக் டேவுக்கு ஓட்டுநர் உரிமமும், பொறுப்பை நீங்களே ஏற்பதாக ஒரு கையெழுத்தும் பெரும்பாலும் போதும். ரேஸ் என்றால் எஃப்எம்எஸ்சிஐ எனப்படும் இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு தரும் போட்டி உரிமம் வேண்டும். அதற்கு மருத்துவச் சான்று கேட்பார்கள். 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும்.

காப்பீட்டில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உங்கள் பைக் பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற பகுதியை எடுத்துப் படியுங்கள். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்குக் காப்பீடு இல்லை என்று அதில் இருக்கும். டிராக்கில் பைக் நசுங்கினால் செலவு முழுக்க உங்களுடையது. மருத்துவக் காப்பீடு வேறு. அதன் பொதுவான விலக்கில், தொழில்முறை வீரராக மோட்டார் பந்தயம் போன்ற ஆபத்தான விளையாட்டில் கலந்துகொள்வதைத்தான் குறிப்பிட்டிருப்பார்கள். அமெச்சூருக்கு அது எப்படிப் பொருந்தும் என்று உங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். ஏஜென்ட் போனில் ‘அதெல்லாம் வரும் சார்’ என்று சொன்னதை ஆஸ்பத்திரி பில்லோடு இணைக்க முடியாது.

உடம்பில் என்ன போடுவது

பைக்குக்கு முன்னால் இது. ஒரே துண்டான லெதர் சூட் வாங்குங்கள். இரண்டு துண்டு என்றால் இடுப்பைச் சுற்றி முழு ஜிப்பால் இணைவதாக இருக்க வேண்டும். பாதிச் சுற்று ஜிப்பைப் பல ஏற்பாட்டாளர்கள் ஒப்புக்கொள்வதில்லை. லேபிளில் ஈஎன் 17092 என்ற தரமும் ‘ஏஏஏ’ என்ற நிலையும் இருக்கிறதா பாருங்கள். உள்ளே போடும் முதுகுக் கவசத்துக்கு ஈஎன் 1621-2 என்ற தரம். அதில் முதல் நிலையைவிட இரண்டாம் நிலை அதிர்ச்சியை நன்றாகத் தாங்கும். கையுறை மணிக்கட்டைத் தாண்டி சூட்டின் கைப்பகுதிக்கு மேல் ஏறி மூட வேண்டும். பூட்ஸ் கணுக்காலுக்கு மேல் போக வேண்டும்.

ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை சாலைக்குச் சட்டம். டிராக்குக்கு ஈசிஈ 22.05 அல்லது 22.06 தரம் உள்ள முழு முகம் மூடும் ஹெல்மெட், அதிலும் இரட்டை ‘டி’ வளையப் பூட்டு உள்ளது. ஒருமுறை நன்றாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் அதன் வேலை முடிந்துவிட்டது.

சூட் பொருந்துகிறதா என்பதைக் கடைக் கண்ணாடி முன் நின்று பார்க்காதீர்கள். பைக் மேல் ஏறி, டேங்கில் நெஞ்சு படும்படி குனிந்து பாருங்கள். நின்றால் இறுக்கமாகவும் குனிந்தால் சரியாகவும் இருக்க வேண்டும். தொளதொள சூட்டில் விழுந்தால் முழங்கைக் கவசம் முழங்கையை விட்டு நழுவிவிடும்.

பைக்: முதலில் டயர்

டயர் பழசாக இருந்தால் வேறு எதையும் பேச வேண்டாம். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். வெயிலில் காய்ந்து இறுகிய ரப்பரில் பட்டன் (டயரின் வரிப்பள்ளம்) ஆழம் மிச்சமிருந்து பயனில்லை. முதல் சில டிராக் நாள்களுக்கு ஒரு நல்ல ஸ்போர்ட் ரேடியல் போதும். வரிப்பள்ளமே இல்லாத ரேஸ் டயரான ஸ்லிக் வேண்டாம். ஸ்லிக்குக்குச் சூடு ஏற வேண்டும். சூடேற்றும் போர்வையும், அந்தச் சூட்டைத் தக்கவைக்கும் வேகமும் உங்களிடம் இப்போது இல்லை.

காற்றழுத்தத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் செலவே இல்லாமல் பைக்கின் குணத்தை இந்த அளவுக்கு மாற்றும் விஷயம் வேறு இல்லை. டயருக்குள் அடைபட்ட காற்று சூடானால் அழுத்தம் ஏறும். காலையில் 30 டிகிரியில் 28 பிஎஸ்ஐ வைத்தீர்கள் என்று கொள்ளுங்கள். ஓட்டி முடிக்கையில் உள்ளே இருக்கும் காற்று 70 டிகிரி ஆகியிருந்தால் அதே டயரில் இப்போது 33, 34 பிஎஸ்ஐ இருக்கும். அழுத்தம் ஏறினால் டயர் உருண்டு, தரையைத் தொடும் பரப்பு குறையும். வளைவில் பைக் மிதப்பது போலத் தோன்றுவது அப்போதுதான். அதனால் டிராக்கில் கணக்கெடுக்க வேண்டியது சூட்டு அழுத்தத்தை.

டயர் நிறுவனம் டிராக்குக்கென்று ஒரு அளவு சொல்லியிருந்தால் அதுவே வேதம். சொல்லாவிட்டால் பைக் கையேட்டில் ஒருவர் மட்டும் ஓட்டுவதற்குத் தந்த அளவிலிருந்து இரண்டு, மூன்று பிஎஸ்ஐ குறைத்துத் தொடங்குங்கள். டிராக்கின் ஓரத்தில் பைக்கை நிறுத்திச் சரிபார்க்கும் இடமான பிட்டுக்குள் வந்த உடனேயே, ஹெல்மெட் கழற்றுவதற்கு முன், அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கேஜ் உங்களுடையதாக, எப்போதும் ஒரே கேஜாக இருக்கட்டும். பெட்ரோல் பங்க் மீட்டரும் பக்கத்து பிட்காரரின் மீட்டரும் உங்கள் மீட்டரும் மூன்று வேறு எண் காட்டும். எது சரி என்று ஆராய வேண்டியதில்லை, நேற்றும் இன்றும் ஒரே மீட்டரால் அளந்தால் போதும்.

பிரேக்

100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்துவதைவிட 140-லிருந்து நிறுத்த ஏறக்குறைய இருமடங்கு ஆற்றலை வெப்பமாக மாற்ற வேண்டும். வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப அது ஏறுகிறது. அந்தச் சூடு டிஸ்க், பேட், கேலிப்பர் வழியாக பிரேக் ஃப்ளூயிடுக்குப் போகிறது. ஃப்ளூயிட் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் பழக்கம் உடையது. புதிய டாட் 4 ஃப்ளூயிடின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் குடித்த பிறகு அதே தரத்துக்கு 155 டிகிரி வரை இறங்க இடமுண்டு. ஃப்ளூயிட் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தைப் போல ஆவி அழுந்தாமல் நிற்காது. அதனால் லீவர் கைப்பிடி வரை வந்து ஒட்டும். நேர்சாலையின் முடிவில் அது நடக்கக் கூடாது.

ஆகவே டிராக் நாளுக்கு முந்தின வாரம் ஃப்ளூயிடை முழுக்க மாற்றி, காற்று எடுத்துவிடுங்கள். திறந்து பல மாதம் அலமாரியில் கிடந்த பாட்டில் வேண்டாம். பேடில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். ஸ்டீல் பின்னல் குழாய் போட்டால் லீவர் உறுதியாக இருக்கும். செய்யத் தகுந்த முதல் சில மாற்றங்களில் அதுவும் ஒன்று. ஏபிஎஸ்ஸைக் கழற்றிவிடச் சொல்லும் நண்பர்கள் இருப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்க இன்னும் நிறைய நாள் இருக்கிறது.

கழற்றுவதும் கட்டுவதும்

கண்ணாடிகள், இண்டிகேட்டர், நம்பர் பிளேட், சாரி கார்டு, பின்னிருக்கைக் கால்மிதி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஹெட்லைட், டெயில் லைட் மேல் டேப் ஒட்டுங்கள். உடைந்தால் கண்ணாடித் துண்டு டிராக்கில் சிதறாமல் இருக்கும். ரேஸில் சைடு ஸ்டாண்டும் போக வேண்டும். அதைக் கழற்றினால் சில பைக்குகளில் சென்சார் இன்ஜினை ஸ்டார்ட் ஆக விடாது, அதை முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது லாக் ஒயர். இன்ஜின் ஆயில் வடியும் போல்ட், ஆயில் ஃபில்டர், ஆயில் ஊற்றும் மூடி, கேலிப்பர் போல்ட் ஆகியவற்றில் சின்னத் துளை போட்டு, ஸ்டீல் கம்பியை முறுக்கிக் கட்ட வேண்டும். கம்பி இழுக்கும் திசை போல்டை இறுக்கும் திசையாக இருக்க வேண்டும். மாற்றிக் கட்டினால் அது வெறும் அலங்காரம். ஒரு போல்ட் தளர்ந்து ஆயில் கொட்டினால் விழப்போவது நீங்கள் மட்டுமில்லை. உங்கள் பின் சக்கரம், பின்னால் வரும் ஐந்தாறு பேர், அன்றைய நாளின் மிச்ச நிகழ்ச்சி எல்லாமே போகும்.

கூலன்டும் அப்படித்தான். அதிலுள்ள கிளைக்கால் தார் மேல் கொட்டினால் சட்டென்று காயாமல் வழுக்கும். ரேஸில் அதை வடித்துவிட்டுக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றச் சொல்வார்கள். நம்மூரில் உறைந்துபோகும் கவலை இல்லை. ஆனால் துரு பிடிக்கும், அதனால் சீசன் முடிந்ததும் கூலன்டைத் திரும்ப ஊற்றிவிடுங்கள்.

செயினை ரொம்ப இறுக்க வேண்டாம். கையேட்டில் சொன்ன தொய்வின் தளர்வான பக்கத்தில் இருக்கட்டும். சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது இறுகிய செயின் கியர்பாக்ஸ் தண்டையும் சஸ்பென்ஷனையும் சேர்த்துப் பிடிக்கும். ஸ்ப்ராக்கெட் மாற்ற நினைத்தால் ஒரு கணக்கு: 15க்கு 45 இருந்தால் விகிதம் 3. முன்னால் ஒரு பல் குறைத்தால் 3.21, பின்னால் மூன்று பல் கூட்டினால் 3.2. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் டிராக் நாளுக்கு எதையும் மாற்றாதீர்கள். நேர்சாலை முடிவில் கடைசி கியரில் இன்ஜின் எவ்வளவு சுற்றுகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

சஸ்பென்ஷனில் தொடக்கக்காரர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உங்கள் எடைக்கு எவ்வளவு அமுங்குகிறது என்று அளப்பது. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, சஸ்பென்ஷன் முழுக்க நீண்ட நிலையில் அச்சிலிருந்து மேலே ஒரு குறி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு சூட், பூட்ஸ், ஹெல்மெட்டோடு ஏறி உட்கார்ந்து, ஒருவர் பைக்கைப் பிடிக்க இன்னொருவர் அளக்கட்டும். வித்தியாசம் 30 முதல் 35 மில்லிமீட்டர் என்றால் நல்ல தொடக்கம். கூடுதலாக அமுங்கினால் பிரீலோடை (ஸ்பிரிங்கின் முன்இறுக்கத்தை) கூட்டுங்கள். முன்னால் மாற்ற வழியே இல்லாத பைக் என்றால் பின்னால் மட்டும் சரிசெய்துவிட்டு ஓட்டப் போங்கள், அதுவே போதும்.

எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர், இன்ஜின் கணினியின் அமைப்பை மாற்றும் ரீமேப் பற்றி நான் ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். முதல் வருடத்தில் அவற்றால் எதுவும் ஆகாது. மாறாக கிராஷ் புரொடெக்டர், கூடுதலாக ஒரு கிளட்ச் லீவர், பிரேக் லீவர், கியர் லீவர், கால்மிதி இவற்றை வாங்கி வையுங்கள். காலை ஒன்பது மணிக்குச் சறுக்கி விழுந்தவர் பத்து மணிக்குத் திரும்ப ஓட்டுவாரா, மாலை வரை வேடிக்கை பார்ப்பாரா என்பது அந்த ஐநூறு ஆயிரம் ரூபாய் உதிரிப் பாகத்தில் இருக்கிறது.

முந்தின நாள்

பைக்கை ஓட்டிக்கொண்டு போவதா, குட்டி யானையில் ஏற்றிப் போவதா? ஏற்றிக்கொண்டு போங்கள். கண்ணாடியும் நம்பர் பிளேட்டும் இல்லாமல் நெடுஞ்சாலையில் ஓட்ட முடியாது. விழுந்தால் உடைந்த பைக்கும் வலிக்கும் கையுமாகத் திரும்புவது இன்னும் சிரமம். ஏற்றும்போது முன் ஃபோர்க்கைப் பாதி அமுங்கும்படி நாடா போட்டு இழுத்துக் கட்டுங்கள். கயிறு வேண்டாம், ராட்செட் நாடா நான்கு.

கூட எடுத்துப் போக வேண்டியவை: முன், பின் பேடாக் ஸ்டாண்டு, கேஜ், ஃபுட் பம்ப், சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், டேப், கேபிள் டை, லாக் ஒயர், செயினுக்குப் போடும் எண்ணெய், கேனில் பெட்ரோல், ஒரு நோட்டு, பேனா, மடிக்கும் நாற்காலி, நிழலுக்குத் தார்ப்பாய். தண்ணீர் நினைப்பதைவிட இருமடங்கு. லெதருக்குள் சென்னை வெயில் என்ன செய்யும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஓஆர்எஸ் கலந்த தண்ணீர், மோர், இளநீர் என்று காலையிலிருந்தே குடியுங்கள். தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். மத்தியானத்துக்குப் பிந்திய செஷன்களில் நடக்கும் பல விபத்துகளுக்குப் பைக் காரணமே இல்லை. பிரியாணியும் களைப்பும்தான்.

ஸ்க்ரூட்டினியும் கொடிகளும்

காலையில் முதலில் பரிசோதனை. ஆக்ஸிலரேட்டரை விட்டால் தானாகத் திரும்புகிறதா, கில் சுவிட்ச் வேலை செய்கிறதா, எங்காவது கசிவு உண்டா, ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் கை டேங்கில் நசுங்குகிறதா, லீவர் முனையில் உருண்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பரிசோதகரோடு வாதிடாதீர்கள். அவர் கண்டுபிடிக்கும் குறை உங்கள் உயிருக்கு இலவச சேவை.

அப்புறம் விளக்கக் கூட்டம். நண்பரோடு செல்ஃபி எடுக்காமல் காதுகொடுத்துக் கேளுங்கள். கொடிகள் பாஷை போல மனப்பாடமாக வர வேண்டும். மஞ்சள் அசைந்தால் முன்னால் ஆபத்து. வேகத்தைக் குறையுங்கள், பச்சைக் கொடி வரும் வரை யாரையும் முந்தக் கூடாது. சிவப்பு என்றால் செஷன் நிறுத்தம். திடீரென்று பிரேக் அடிக்காமல் வேகம் குறைத்து பிட்டுக்குத் திரும்புங்கள். மஞ்சளும் சிவப்பும் பட்டை பட்டையாக இருந்தால் அந்த இடத்தில் பிடிப்பு சரியில்லை. நீலம் என்றால் உங்களைவிட வேகமானவர் முந்தப் போகிறார். கறுப்பின் நடுவே ஆரஞ்சு வட்டமும் உங்கள் எண்ணும் காட்டினால் உங்கள் பைக்கில்தான் கோளாறு, உடனே ஓரம் கட்டி டிராக்கை விட்டு வெளியேறுங்கள். வெறும் கறுப்பும் எண்ணும் என்றால் பிட்டுக்கு வரச் சொல்கிறார்கள். ஏன் என்பது பெரும்பாலும் உங்களுக்கே தெரியும்.

முதல் செஷனில் செய்ய வேண்டியது

வேகமாக ஓட்ட வேண்டாம். கொடி காட்டும் பணியாளர்களான மார்ஷல்களின் சாவடிகள் எங்கே, பிட் நுழைவு எங்கே, தாரில் ஒட்டுப்போட்ட இடம் எங்கே என்று கண்ணால் தேடிக்கொண்டே சுற்றுங்கள். முதல் இரண்டு சுற்றில் டயர் சூடாகட்டும். கடிகாரச் சுற்று டிராக்கில் வலதுபக்கச் சாய்வு அதிகம் என்பதால் டயரின் வலது விளிம்பு சீக்கிரம் சூடாகும், இடது விளிம்பு பின்தங்கும். தொடர்ந்து வலது வளைவுகள் போய், திடீரென்று வரும் இடது வளைவில் பொறுமை வேண்டும்.

இரண்டாம் செஷனில் அடையாளங்களைத் தேடுங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் மூன்று: பிரேக் பிடிக்கும் இடம், பைக்கைத் திருப்பும் இடம், வளைவின் உள்விளிம்பைத் தொடும் இடமாகிய ஏபெக்ஸ். அடையாளம் நகராத பொருளாக இருக்க வேண்டும். பலகை, டிராக் ஓரத்து வண்ணப் பட்டையான கெர்பின் தொடக்கம், தாரில் ஒரு கறை போதும். நிழல் கூடாது, அது மத்தியானத்துக்குள் நகர்ந்துவிடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் அரை விநாடி என்பது 14 மீட்டர். ‘ஏறக்குறைய அந்த மரத்துக்கிட்ட’ என்று பிரேக் பிடிப்பவர் ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு வேகத்தில் வளைவுக்குள் நுழைகிறார். அதற்குப் பிறகு அவர் செய்வதெல்லாம் சமாளிப்புதான்.

ஏபெக்ஸைத் தாமதமாக வையுங்கள். வளைவுக்குள் அவசரமாக நுழைந்து உள்விளிம்பைச் சீக்கிரம் தொட்டால் வெளியேறும்போது டிராக் தீர்ந்துவிடும். கொஞ்சம் ஆழமாகப் போய்த் திரும்பினால் வெளிவாசல் அகலமாகத் தெரியும், ஆக்ஸிலரேட்டரை முன்னதாகத் திறக்கலாம். நேர்சாலைக்கு முந்தின வளைவில் இது இன்னும் முக்கியம். அங்கே வெளியேறும்போது கிடைத்த வேகம் நேர்சாலை முழுக்கக் கூட வரும். இருங்காட்டுக்கோட்டையில் முதல் வளைவான சி1 வேகமான வலது வளைவு. அனுபவசாலிகள் அதில் போகும் வேகத்தைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அது கடைசியாகக் கற்க வேண்டிய வளைவு.

உடம்பை எப்படி வைப்பது? கால் விரலடி கால்மிதியில், வெளித்தொடை டேங்கை அழுத்தியபடி, ஒரு பக்கப் புட்டம் மட்டும் சீட்டை விட்டு உள்பக்கம், தலை கண்ணாடி இருந்த இடத்துக்குக் கீழே, கைகள் தளர்வாக. பைக்கைத் தாங்குவது கால்கள். கை ஹேண்டிலில் தொங்கினால் முன்சக்கரம் தன் வேலையைச் செய்ய முடியாது. வளைவுக்கு முன்பே, பிரேக் பிடிப்பதற்கும் முன்பே, நகர்ந்து உட்கார்ந்துவிடுங்கள்.

ஏன் நகர வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் பைக்கும் ஆளும் சேர்ந்த எடை சுமார் 45 டிகிரி சாய வேண்டும். 75-ல் போனால் 41, 42 டிகிரி போதும். உடம்பை உள்ளே நகர்த்தினால் அந்தச் சாய்வில் ஒரு பங்கை உங்கள் எடை எடுத்துக்கொள்கிறது. அதே வேகத்தில் பைக் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறது. முட்டி தரையில் உரசுவது இதன் பக்கவிளைவு மட்டுமே. முட்டியைத் தேய்ப்பதற்காகவே உடம்பை முறுக்குபவர்களைப் படத்தில் பார்க்க நன்றாக இருக்கும், லேப் டைமில், அதாவது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தில், பார்க்க முடியாது.

பிரேக்கை முதலில் நேராக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். அது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் வர ஆரம்பித்த பிறகு, திரும்பும்போது லீவரை மெதுவாக விட்டுக்கொண்டே உள்ளே போகப் பழகலாம். லீவரைப் பட்டென்று விடாதீர்கள். முன் ஃபோர்க் எகிறி, பைக் நினைத்த கோட்டை விட்டு அகலும். ஆக்ஸிலரேட்டரும் அப்படியே: திறக்க ஆரம்பித்தால் சீராகத் திறந்துகொண்டே போக வேண்டும். நடுவில் பயந்து மூடினால் எடை முன்சக்கரத்தில் விழும், மிகத் தவறான நேரத்தில்.

ஒவ்வொரு செஷனுக்கும் ஒரே ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். ‘இந்த முறை பார்வை மட்டும்’, ‘இந்த முறை மூன்றாவது வளைவின் பிரேக் இடம் மட்டும்’. வந்ததும் நோட்டில் எழுதுங்கள்: நேரம், வெயில், டயர் அழுத்தம், என்ன மாற்றினீர்கள், என்ன தோன்றியது. ஒரே சமயத்தில் இரண்டு விஷயத்தை மாற்றினால் எது உதவியது என்று கடைசி வரை தெரியாது.

விழுந்தால்

பிடிப்பு மெல்ல நழுவி பைக் உள்பக்கமாகப் படுத்துக்கொண்டால் அது லோசைடு. வழுக்கிக்கொண்டு போவீர்கள், பெரும்பாலும் எழுந்து நடக்கலாம். பின்சக்கரம் நழுவியதும் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மூடினால் டயர் திரும்பப் பிடித்து, பைக் உங்களை மேலே எறியும். அது ஹைசைடு, எலும்பு முறிவது அதில்தான். எப்படி விழுந்தாலும் பைக்கை விட்டுவிடுங்கள். உடம்பைத் தளர்வாக வைத்து, முழுக்க நிற்கும் வரை எழ முயலாதீர்கள். வேகம் கண்ணை ஏமாற்றும். நின்றுவிட்டோம் என்று தோன்றும்போது இன்னும் நகர்ந்துகொண்டிருப்பீர்கள். நின்றதும் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்து, டிராக்கை விட்டு வெளியேறி, தடுப்புக்குப் பின்னால் போங்கள். பைக்கை எடுக்க ஓடாதீர்கள், அது மார்ஷலின் வேலை. தலையில் அடிபட்டிருந்தால், வலி இல்லை என்றாலும், அன்றைக்கு அவ்வளவுதான். மருத்துவக் குழுவிடம் காட்டிவிட்டு உட்காருங்கள்.

ரேஸுக்கு எப்போது தயார்

யாரும் குறுக்கே வராத ஒரு கிளீன் செஷனில் உங்கள் லேப் டைம்களை எழுதிப் பாருங்கள். அடுத்தடுத்த ஐந்து சுற்றும் ஒரு விநாடிக்குள் அடங்கினால் பெயர் கொடுக்கலாம். ஒரு சுற்று மட்டும் பிரமாதமாகவும் அடுத்தது மூன்று விநாடி மெதுவாகவும் இருந்தால் வேகமாக இருக்கிறீர்கள், ஆனால் பக்கத்தில் வருபவர் உங்களை நம்ப முடியாது. ரேஸில் பத்துப் பதினைந்து பேர் ஒருவரையொருவர் நம்பித்தான் முதல் வளைவுக்குள் நுழைகிறார்கள்.

தேசிய மோட்டார் சைக்கிள் ரேஸிங் சாம்பியன்ஷிப்பில் புதியவர்களுக்கென்று 165 சிசி வரையிலான ஸ்டாக் பைக் (பெரும்பாலும் கம்பெனியிலிருந்து வந்தபடியே உள்ள பைக்) நோவிஸ் பிரிவு இருந்துவருகிறது. பெண்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. இன்னொரு வழி ஒன்-மேக் ரேஸ்: நிறுவனமே ஒரே மாதிரித் தயாரித்த பைக்கைக் கொடுக்கும், தேர்வுச் சுற்றில் தேறினால் ஓட்டலாம். டிவிஎஸ், ஹோண்டா, ராயல் என்ஃபீல்டு என்று பல நிறுவனங்கள் இப்படி நடத்தியிருக்கின்றன. சொந்த பைக்கை ரேஸ் பைக்காக மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் என் ஓட்டு ஒன்-மேக்குக்கே. எல்லாருக்கும் ஒரே பைக் என்பதால் சாக்கும் மிச்சமில்லை. பிரிவுகளும் விதிகளும் வருடத்துக்கு வருடம் மாறும். அந்த வருட விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டே பைக்கில் கை வையுங்கள். ‘ஸ்டாக்’ பிரிவில் ஒரு சின்ன மாற்றம் போதும், தகுதி நீக்கம் ஆகிவிடும்.

தகுதிச் சுற்றில் முன்னால் ஒரு வேகமானவரைப் பின்தொடர்வது உதவும், ஆனால் அவர் பிரேக் இடம் உங்கள் பிரேக் இடம் ஆகாது. ரேஸ் தொடங்க வரிசையாக நிற்கும் இடமான கிரிட்டில், உங்களுக்கென்று கோடிட்ட பெட்டியில் முன்சக்கரத்தைக் கோட்டுக்குள் நிறுத்துங்கள். முதல் கியர், இடது கால் தரையில் அல்லது இரு காலும் தரையில், எடை முன்னால், இன்ஜின் சுற்று சீராக. சிவப்பு விளக்கு அணைந்ததும் கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். முன்சக்கரம் தூக்கினால் கிளட்சால் சரிசெய்யுங்கள், ஆக்ஸிலரேட்டரை மூடி அல்ல. விளக்கு அணைவதற்கு முன் நகர்ந்தால் தண்டனை நிச்சயம், அதில் இழப்பது நல்ல ஸ்டார்ட்டில் கிடைப்பதைவிட அதிகம்.

முதல் சுற்றில் முதல் வளைவில் ரேஸை ஜெயித்தவர் யாரும் இல்லை. டயர் இன்னும் முழுக்கச் சூடாகவில்லை, உங்கள் பிரேக் இடத்தில் நாலு பேர் நிற்கிறார்கள், கண்முன் காற்றின் அலைக்கழிப்பும் புகையும். வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னதாக பிரேக் பிடித்து, உள்ளே இடத்தை விட்டுக்கொடுக்காத கோட்டில் போங்கள். முந்துவது இரண்டு விதம். பிரேக்கில் முந்துவது கண்ணுக்கு அழகு. வளைவில் இருந்து நன்றாக வெளியேறி நேர்சாலையில் முந்துவது புத்திசாலித்தனம். நோவிஸ் ரேஸில் இரண்டாவதையே நம்புங்கள். முன்னால் போகிறவர் எந்த வளைவில் ஆக்ஸிலரேட்டரைத் தாமதமாகத் திறக்கிறார் என்று இரண்டு சுற்று பாருங்கள். அந்த வளைவுக்கு முன் சின்ன இடைவெளி விட்டு, அவர் தடுமாறும்போது நீங்கள் முழு வேகத்தில் வெளியே வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் திரும்பிப் பார்க்காதீர்கள். நீலக் கொடி வந்தால் உங்கள் கோட்டிலேயே போங்கள்; வேகமானவர் வழி கண்டுபிடித்துக்கொள்வார். வழிவிடுகிறேன் என்று சட்டென்று விலகுவதுதான் மோதலில் முடியும். செக்கர்ட் கொடி விழுந்ததும் பிரேக் அடிக்காமல் மெதுவாகக் குறைத்து, கையை உயர்த்திக் காட்டிவிட்டு, குளிர்ச்சிச் சுற்றை முழுக்க முடித்து பிட்டுக்கு வாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

அதே பைக்கைத் திங்கட்கிழமை ஆபீசுக்கு எடுத்துப் போவதாக இருந்தால் ஞாயிறு ராத்திரி தூங்கப் போகாதீர்கள். கண்ணாடி, இண்டிகேட்டர், நம்பர் பிளேட், சைடு ஸ்டாண்டு திரும்ப வரட்டும். பேடின் கனம் பாருங்கள், டிராக்கில் அது எதிர்பாராத வேகத்தில் தேயும். டயரின் நடுவிலும் விளிம்பிலும் கிழிசல் இருக்கிறதா, வால்வு மூடி இருக்கிறதா பாருங்கள். அச்சு நட்டுகள், கேலிப்பர் போல்ட், ஹேண்டில் கிளாம்ப் எல்லாவற்றுக்கும் டார்க் ரெஞ்ச் வையுங்கள். ரேடியேட்டரில் வெறும் நீர் இருந்தால் கூலன்டை ஊற்றுங்கள். கடைசியாக டயர் அழுத்தம்: டிராக்குக்காகக் குறைத்ததைச் சாலை அளவுக்கு ஏற்றிய பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். பூந்தமல்லி ரோட்டுப் பள்ளத்தில் 26 பிஎஸ்ஐ டயர் விழுந்தால் வளைவது ரிம்.